ஜோசலினின் காய்ச்சல்

“இந்தக் கிருமிக்கு என் தங்கச்சி பேர வைங்க டாக்டர்.”

பெயர் விஷயத்தில் மட்டும் டாக்டர் ஹேமநாதனிடம் வாயைத் திறக்காதே என்று ஆய்வகத்தில் எல்லோரும் சொல்லித்தான் இருந்தார்கள். அகதா திறந்துவிட்டாள்.

லிங்கி தோட்டத்தில் செம்பனை முள் குத்திக் காய்ச்சலில் செத்துப்போன தங்கை ஜோசலினின் ரத்தத்தில் கிடைத்த கிருமி அது. இதுவரை யாரும் பெயரிடாத புது இனம்.

“கொன்ன கிருமிக்கு அந்தப் புள்ள பேரா? பைத்தியமா உனக்கு?”

“அவ ரத்தத்துல வளர்ந்தது. அவ கிட்டேருந்து இன்னும் உயிரோட இருக்கிறது இது ஒண்ணுதான்.”

“டத்தோ பேருன்னு முடிவாயிருச்சு லா. பட்டம் வாங்குன பெரிய மனுசரு, லேப் கட்டிக் குடுத்தவரு.”

அகதா உறைபெட்டியைத் திறந்தாள். மற்ற குப்பிகளில் கிருமி எப்போதோ செத்துவிட்டது. மிஞ்சிய ஒரே குப்பி, மைனஸ் எண்பது டிகிரியில் மாதக்கணக்காகக் கிடந்தது, கையில் கதகதவென்றிருந்தது. வெப்பமானியை வைத்தாள். முப்பத்தொன்பது புள்ளி நாலு. ஜோசலினுக்குக் கடைசியாகப் பார்த்த காய்ச்சலும் அதுதான்.

ஹேமநாதன் எண்ணைப் பார்த்தார்.

“மெஷின் ரோசாக், கெட்டுப்போச்சு. உள்ள வை. உயிரோட கிருமிய கிருமிச் சேமிப்பகத்துக்கு அனுப்பலன்னா எந்தப் பேரும் செல்லாது, தெரியும்ல?”

“தெரியும் டாக்டர்.”

ஆஸ்பத்திரியில் தங்கையின் கையைப் பிடிக்க அவளை விடவில்லை. இப்போது குப்பியை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டாள்.

“ஏய், எங்க தூக்கிட்டுப் போற?”

“வீட்டுக்கு.”

கதவை முதுகால் தள்ளி, காய்ச்சல்காரியைக் கூட்டிப்போகிற நிதானத்தில் வெளியே நடந்தாள்.