எடுத்து வைத்த வலி

ரொறன்ரோவில் பதினெட்டு வருசம் மாடாய் உழைத்துப் பனி ஹாக்கி ஆடினவன் கஜரூபன். அடிபட்ட வலியை உடம்பிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டு, கிளப்காரர் அவனை அடுத்த ஆட்டத்துக்கே இறக்கிவிடுவார்கள். ஓய்வு பெற்றதும், உன் வலி உன்னுடையதுதான் என்று, நாளுக்கு ஓர் ஆட்டத்து வலியாகத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கினார்கள்.

இன்று காலை விலா எலும்பு முறிந்த வலி வந்தது. குசினித் தரையில் சுருண்டு கிடந்தான்.

"இது எந்த ஆட்டத்தின்ர?" என்று கேட்டாள் மனைவி சுகிர்தா.

"மகள் பிறந்த அண்டைக்கு ஆடினது. இஞ்சாரும், கையை ஒருக்காப் பிடியும்."

சுகிர்தா தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே நின்றாள்.

"எனக்கும் அண்டைக்குத்தான் வலிச்சது. பிடிக்க ஒரு கை இல்லாமல் அண்டைக்கே பட்டு முடிச்சிட்டன்."