அந்தாளோட சண்டை

தேயிலைத் தோட்டத்தில் தண்ணீர்த் தொட்டி மேட்டில்தான் சிக்னல் கிடைக்கும். சாப்பாட்டு நேரத்தில் கொழுந்துக் கூடையை இறக்கியதுமே பிரேமினி போனை எடுத்துவிட்டாள்.

"இன்னைக்கும் பேஸ்புக்குல அந்த நடிகர் படம் போட்ட ஆளோடதான் சண்டையாக்கா?" என்றாள் தனுஷிகா.

"ஆமா. நேத்து அந்த நடிகரத் திட்டினேன். இன்னைக்கு யூனியன் தலைவர."

"ஆம்பளப் பேருல அக்கவுண்டு தொறந்து இப்புடி ஏச்சு வாங்கணுமா? பிளாக் பண்ணிட்டு ரொட்டியச் சாப்புடுங்க."

"ஐயோ, வேணாம்டி."

அதற்குள் பதில் வந்துவிட்டது. 'வேலவெட்டி இல்லாதவனே, ஒனக்குப் பொண்டாட்டி புள்ள இல்லியாடா?'

பிரேமினி சிரித்தாள். கண் மட்டும் கலங்கியது. 'ஒனக்கு?' என்று தட்டி அனுப்பினாள்.

"யாருக்கா அந்தாளு?"

"எங்க வீட்டுக்காரருதான். கட்டாருக்கு வேலைக்குப் போனவரு இப்ப என் போன் கோலையே எடுக்கிறதில்ல. பாப்பாவுக்குக் காய்ச்சல்னு அனுப்பினதக்கூட இன்னும் பாக்கல. இப்புடிச் சண்டைக்கு இழுத்தாத்தான் ஒடனே பதில் வருது."

போன் மறுபடி அதிர்ந்தது.

'எனக்கு யாருமில்ல.'

பிரேமினி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, 'அது கெடக்கட்டும், ஒன் தலைவர் எங்களுக்கு என்னடா செஞ்சாரு?' என்று எழுதத் தொடங்கினாள்.