பாதியில் நிறுத்திய வாக்கியம்

விடிந்தும் விடியாத வெளிச்சம் மேசைமேல் விழுகிறது. தினமும் ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டு எழுவது அவள் வழக்கம். மறுநாள் நாவலைத் தொடர அதுவே கைகொடுக்கும். கணவரின் கடைசி நாளை எழுதுகிறவள், நேற்று யோசிக்காமல் ‘மருத்துவர் வெளியே வந்து’ என்று நிறுத்திவிட்டாள். பேனா முனையில் மை காய்கிறது. காபியோடு வந்த மகன் எட்டிப் பார்க்கிறான். “கதையிலயாவது அப்பாவைப் பிழைக்க வச்சிடேன்மா. யார் கேட்கப் போறா?” “நீதான்டா முதல் ஆளாக் கேட்பே.” அவன் சிரிக்கவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். ‘கணவருடைய கைக்கடிகாரத்தை அவளிடம் நீட்டினார்’ என்று எழுதி முடிக்கிறாள். அடுத்த வரியில் அந்தப் பெண் வீட்டுக்குப் போய், தூங்கும் மகனை எழுப்பியாக வேண்டும். பின்னால் நிற்கிறவனின் மூச்சு தோளில் படுகிறது. திரும்பிப் பார்க்காமலே அவள் எழுதத் தொடங்குகிறாள்.