நாய் வளர்க்க அனுமதி உண்டு

"இது என்னன்னு சொல்லு."

வெர்னன் மடிக்கணினியைத் திருப்பி மனைவி மார்லிஸ் முன்னால் தள்ளினான். ஏரியிலிருந்து வந்தவன் பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை. சமையலறைத் தரையெல்லாம் பனி உருகி ஓடியது.

திரையில், ஏரியில் பனி எவ்வளவு உறைந்திருக்கிறது என்று காட்டும் பக்கம். அதன் ஓரத்தில் ஒரு விளம்பரம்: 'விவாகரத்தா? முதல் சந்திப்பு இலவசம்.' கீழே இன்னொன்று: 'டுலூத் நகரில் ஒருவர் தங்க அடக்கமான வீடு. நாய் வளர்க்க அனுமதி உண்டு.'

"ஏதோ விளம்பரம்."

"எனக்கும் படிக்கத் தெரியும். தூண்டில் விளம்பரம் வந்துகிட்டிருந்த இடத்துல வக்கீல் எதுக்கு வர்றான்? வானிலை பார்த்தா வக்கீல். ஹாக்கி ஸ்கோர் பார்த்தா டுலூத் வீடு. நான் தேடலை. இந்த வீட்ல இருக்கிறது ரெண்டே பேர்."

மார்லிஸ் அடுப்பை அணைத்தாள்.

"சனிக்கிழமை ஆனா போதும், 'உன் ஃப்ரெண்டு டுவைனைக் கூட்டிட்டு மீன் பிடிக்கப் போ, போ'ன்னு விரட்டுவியே, இதுக்குத்தானா? யாரு அவன்?"

"எவனும் இல்ல. வெர்ன், இது என்னுது இல்ல. யாருதுன்னு கேக்காதே. சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்."

"எனக்குப் பண்ணிக் குடுத்த சத்தியம்? அது காத்தோட போச்சா?"

வெர்னன் ஊர் வாய்க்குப் பயந்தவன். தனக்கு வேலை போனபோதுகூட, வேறு வேலை கிடைக்கும்வரை தினமும் டிபன் பெட்டியோடு வெளியே போய் வந்தவன். மனைவி விட்டுப் போகிறாள் என்றால், ஞாயிறு சர்ச்சில் காபி ஆறுவதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். அதற்குச் செத்துப்போகலாம் என்றிருந்தது அவனுக்கு.

"இதை யார்கிட்டயாவது சொன்னியா?" மார்லிஸ் திடீரென்று கேட்டாள்.

"டுவைன்கிட்ட. உறைஞ்ச ஏரி நடுவுல மீன்பிடிக் குடிசைக்குள்ள உக்காந்து, காலை பூரா பனியில போட்ட ஓட்டையையே பார்த்துகிட்டிருந்தா எதையாவது பேசத்தானே வேணும்? என் கம்ப்யூட்டர்ல வக்கீல் வர்றான், டுலூத் வீடு வருது, நாய் வேற வெச்சுக்கலாமாம்னு சும்மா சிரிச்சுகிட்டே சொன்னேன்."

மார்லிஸின் முகம் வெளுத்துப் போனது. "அவன் என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லலை. தூண்டிலைச் சுருட்டிட்டான். வீட்டுக்குப் போலாம்னான்."

"ஐயோ, வெர்ன்! தேடினது அவன் பொண்டாட்டி. பெக்கி."

வெர்னன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டான்.

"அவ போனை அவன் தினமும் நோண்டுறான். அதான் நீங்க ஏரிக்குப் போனதும் இங்க வந்து தேடுவா. எந்தெந்தப் பக்கம் பார்த்தாளோ, எல்லாத்தையும் அழிச்சிட்டுத்தான் போவா. அதோட முடிஞ்சுதுன்னு நெனச்சோம். குக்கியைத் தனியா அழிக்கணும்னு ஆபீஸ்ல சொல்லித்தான் குடுத்தாங்க. எனக்கு உறைக்கலை."

"குக்கின்னா?"

"போற பக்கமெல்லாம் 'சம்மதம்'னு அமுக்குறோமே, அதான். நம்ம கம்ப்யூட்டருக்குள்ள ஒரு அடையாளச் சீட்டைப் போட்டு வெச்சிடுவாங்க. அப்புறம் நீ ஹாக்கி பார்க்கப் போனாலும், விளம்பரக்காரன் அந்தச் சீட்டைப் பார்த்து, 'வக்கீலைத் தேடின ஆள் இதோ'ன்னு பின்னாலயே வருவான். தேடினது நீயா, நானா, பெக்கியான்னு அவனுக்கு என்ன தெரியும்?"

"என்கிட்ட ஒரு வார்த்தை..."

"அடுத்த சனிக்கிழமை நானே அவளை டுலூத்துல கொண்டுபோய் விடறதா இருந்தேன். போன தடவை தனியா கிளம்பினப்ப கையை முறிச்சுட்டான், வெர்ன். படியில விழுந்தேன்னு சொன்னாளே..."

அந்த மாவுக்கட்டில் பேனாவால் ஒரு மீன் வரைந்து கையெழுத்துப் போட்டவன் வெர்னன்.

கதவை யாரோ தட்டினார்கள். இடித்தார்கள் என்றே சொல்ல வேண்டும்.

டுவைன்தான். எப்போதும் நேராக உள்ளே வந்து காபி கேட்பவன், வாசலிலேயே நின்றான்.

"வெர்ன், காலையில ஒண்ணு சொன்னியே. நாய் வெச்சுக்கலாம்னு." குரலில் சிரிப்பு இல்லை. "உங்க வீட்ல ஏது நாய்? எங்க வீட்லதானே இருக்கு?"

அவன் கண் வெர்னனைத் தாண்டி மார்லிஸைத் துழாவியது.

வெர்னன் நகர்ந்து அவளை மறைத்து நின்றான்.

"வாங்கப் போறாளாம். என்னோட இத்தனை வருஷம் குப்பை கொட்டினதுக்கு ஒரு நாயோட இருந்திருக்கலாமாம். இப்பதான் மூஞ்சிக்கு நேரா சொன்னா." குரல் உடைந்தது. "மார்லிஸ் என்னை விட்டுட்டுப் போறா, டுவைன்."

மார்லிஸ் ஒரு கணம் திகைத்தாள். அடுத்த கணம் கையிலிருந்த கரண்டியைத் தொட்டிக்குள் வீசினாள். "இதை ஊரைக் கூட்டி வேற சொல்லணுமா? வெக்கமா இல்ல?"

டுவைனின் தோள் தளர்ந்தது. வெர்னன் முதுகில் தட்டிக் கொடுத்தான். அவன் முகத்தில் சிரிப்புகூட வந்துவிட்டது.

"ஆரம்பத்துலயே இறுக்கிப் பிடிச்சிருக்கணும்டா. என் பெக்கியைப் பாரு, வாயைத் திறப்பாளா? கவலைப்படாதே, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

ஞாயிறு காபி ஆறுவதற்குள் அவன் ஊரெல்லாம் சொல்லிவிடுவான் என்று வெர்னனுக்குத் தெரியும்.

"வீட்ல நிக்கவே பிடிக்கலைடா. வா, திரும்ப ஏரிக்கே போவோம். உன் வண்டியிலயே போலாம். நல்லா இருட்டின அப்புறம் வருவோம்" என்றான் வெர்னன், தன் வண்டிச் சாவியை முதுகுக்குப் பின்னால் மார்லிஸிடம் நீட்டியபடியே.