படைப்பிரிவின் இலக்கம்

குகதாசன் வீட்டுச் சமையலறை மேசையில், ஜெர்மனியின் பான் நகரத்து மாலை வெயில் சாய்ந்து விழும் இடத்தில், பழைய ஜெர்மன் இராணுவக் கைத்துப்பாக்கி ஒன்று கிடக்கிறது. இனி அது சுடாது, சேகரிப்பவர்களுக்கான பொருள். குகதாசன் பூதக்கண்ணாடியைக் கிட்டக் கொண்டுபோகிறான். கைப்பிடியில் படைப்பிரிவின் இலக்கம் கூர் மழுங்காமல் நிற்கிறது. காலம் பூசிய கறுப்பு கொஞ்சமும் கலையவில்லை. அவன் வயிறு எரிகிறது. முன்பு இதேபோன்ற ஒன்றைத் தேய்த்து மினுக்கி, இலக்கத்தையும் விலையையும் சேர்த்தே அழித்தவன் அவன். பிறகு இன்னொன்றுக்காக அவன் தேடாத பழம்பொருள் சந்தை இல்லை. நண்பன் நிமலனோ நேற்றுப் பூச்சாடி வாங்கப் போன இடத்தில் இதை வாங்கி வந்திருக்கிறான். “என்ன மச்சான், பெறுமதி இருக்கோ?” என்று நிமலன் கேட்கிறான். “ஒரே ஊத்தையா இருக்கு மச்சான். முதல்ல நல்லாத் தேய், பிறகு பாப்பம்.” பாத்திரம் தேய்க்கும் கம்பிப் பஞ்சு இருக்கும் இடத்தையும் குகதாசனே காட்டுகிறான்.