ஈரச் செருப்பு

"வீடு கடலுக்குள்ள போயிட்டா செருப்பை எங்க கழட்டி விடுறதுப்பா?" என்று ஒருமுறை கேட்டாள் சிறுமி இஸ்தி. அந்த வருட வெள்ளத்தில் வீடும் போனது, அவளும் போனாள்.

இப்போது அந்த நீரின்மேல், ஜாவாவின் செமாராங் நகரிலிருந்து டெமாக்குக்குச் சுங்கச்சாலை ஓடுகிறது. அப்பா கஸ்மூரி அந்தத் தடத்தையே கேட்டு வாங்கிப் பேருந்து ஓட்டினார். சாலையோரப் பள்ளிவாசலில் தொழுதுவிட்டு வந்தால், எல்லாரும் போன பிறகும் படியில் இஸ்தியின் அளவில் ஈரச் செருப்பு ஒரு சோடி கிடக்கும். அந்த ஊரில் பெரியவர்களுக்குச் செய்வதுபோல, காலை நுழைக்க வாகாக அதை வெளிப்பக்கம் திருப்பி வைப்பார்.

"ஆளில்லாத செருப்புக்கு என்னண்ணே இவ்வளவு மரியாதை?" என்று நடத்துனர் சிரிப்பார்.

"போட்டுக்கிறவங்க சிரமப்படக் கூடாதில்ல."

நேற்று அவர்தான் கடைசியாக வெளியே வந்தார். சின்னச் செருப்பைக் காணவில்லை. அவருடைய செருப்பைச் சாலைப் பக்கம் யாரோ திருப்பி வைத்திருந்தார்கள். வார்கள் ஈரமாக இருந்தன.