காஸ் இல்லாத மீன் குழம்பு

அடுப்பு மறுபடியும் கத்தியது. பீப், பீப், பீப்.

ஹென்றி சட்டியைத் தூக்கினார். அடியைத் துடைத்தார். திரும்ப வைத்தார். கண்ணாடித் தட்டில் ஒரு குட்டிச் சட்டிப் படம் மின்னி மின்னி மறைந்தது. சட்டி எங்கே என்று கேட்கிறதாம்!

"உனக்கென்ன கண் தெரியேல்லையா?" என்று அடுப்போடு சண்டைக்குப் போனார்.

அன்றைக்கு வேலையிலிருந்து வழமையைவிட வெள்ளெனவே வந்துவிட்டார். மனைவி யோசெப்பின் வீட்டில் இல்லை. நேற்றைய மீன் குழம்பைச் சூடாக்கி, ஆவி பறக்க வீடியோ எடுத்து, கோயில் வாட்ஸ்அப் குழுவில் போடுவதாகத் திட்டம்.

கர்க்லாண்ட் ஊர்த் தமிழருக்குள் வீட்டுக் காஸ் இணைப்பை முதலில் வெட்டிய வீரர் அவர்தானே.

எப்படியும் நகரசபைக்காரர் வீடுகளுக்குக் காஸை நிற்பாட்டத்தான் போகிறார்கள், முந்தினவன் கெட்டிக்காரன். ஒரு மாதமாக ஞாயிறு பூசை முடிந்து கோப்பி குடிக்கிற இடத்தில் இதே பிரசங்கம். பாதருடையதைவிட நீளம். இன்டக்சன் அடுப்பில் வைத்த குழம்பின் ருசியே தனி என்று சத்தியமும் பண்ணியிருந்தார். தப்ப வழியில்லாமல் கேட்டுக்கொண்டு நின்றது பக்கத்து வீட்டு அன்டன்.

கெட்டித்தனத்தின் விலையை மட்டும் ஒருவருக்கும் சொல்லவில்லை. அடுப்பு, வயர், அதைத் தாங்கப் புது மின்சாரப் பெட்டி. கூரை திருத்த வைத்திருந்த காசு அப்படியே கரைந்தது. யோசெப்பின் வேறு, சட்டி பானையும் மாற்ற வேண்டுமாம் என்று தொடங்கினாள். கையை உயர்த்தித் தடுத்தார். இந்த அடுப்புக்கு இனி ஒரு சதமும் இல்லை!

இப்போது குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த மடு மாதா காந்தத்தைக் கழற்றினார். காந்தம் பிடிக்காத சட்டி இந்த அடுப்பில் சூடேறாது என்று எங்கோ வாசித்த ஞாபகம். வாங்குமுன் ஞாபகம் வந்திருக்கலாம்.

குழம்புச் சட்டியில் மாதா நிற்கவில்லை. பொரிக்கிற தாச்சியிலும் நிற்கவில்லை. சோற்றுப் பானை, இடியப்பப் பானை, எல்லாமே அலுமினியம். ஒன்றிலும் நிற்கவில்லை.

ஹென்றி குழம்பை ஒரு விரலால் தொட்டு நக்கிப் பார்த்தார்.

அப்படியென்றால் ஒரு மாதமாக அவர் விரல் சூப்பிச் சாப்பிட்டு, ஊரெல்லாம் புகழ்ந்த குழம்பு?

பின்கதவு திறந்தது. யோசெப்பின். காலில் சப்பாத்தெல்லாம் பனி. கையில், துவாயால் சுற்றிய பானை. ஆவி பறந்தது.

அவளுக்குப் பின்னால் பனியில் ஒற்றையடிப் பாதை. ஒரு நாளில் விழுந்த பாதையல்ல. நேரே, அடுப்பு எரிந்த அன்டன் வீட்டுக் குசினி வாசலில் போய் முடிந்தது.

அவள் அவருடைய கையிலிருந்த காந்தத்தைப் பார்த்தாள். பானையை மேசையில் வைத்தாள்.

"ஆறமுதல் சாப்பிடுங்கோ. வாற கிழமை அன்டன் அண்ணையும் காஸை வெட்டுறாராம். அவரின்ர மனிசி வேண்டாமெண்டு சொல்லியும் கேக்கிறாரில்லை. நீங்கள் சொன்னதுதான் வேதமாம்."